சின்ன கார், சரியான டயர்: எங்கே மிச்சம் பிடிக்கலாம், எங்கே கூடாது?

(தேசிய நுகர்வோர் தினத்தையொட்டி நடந்த விழிப்புணர்வுக் கூட்டத்தில், மோட்டார் வாகன ஆய்வாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உள்ளே வருவதற்கு முன்னால், வெளியே நிற்கிற கார்களை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். தொழில் புத்தி, விடாது. பெரும்பாலும் சின்ன கார்கள். ஆல்ட்டோ, வேகன்ஆர், சான்ட்ரோ, ஒரு நானோகூட நிற்கிறது. அவற்றில் மூன்று கார்களின் டயர் மழையில் நம்பி ஓட்டுகிற நிலையில் இல்லை. யாருடைய கார் என்று மேடையில் சொல்ல மாட்டேன். நான் பேசி முடித்ததும் நீங்களே போய்ப் பார்த்துக்கொள்வீர்கள்.

சின்ன கார் வைத்திருப்பவர்கள் கணக்குப் பார்த்துச் செலவு செய்கிறவர்கள். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், இன்சூரன்ஸ், சர்வீஸ் எல்லாம் போக, நாலு டயரையும் மாற்ற வேண்டும் என்றால் பத்தாயிரத்துக்கு மேல் ஆகிறது. அதனால் கடையில் போய், "கம்மி விலையில ஏதாவது இருக்கா?" என்று கேட்கிறோம். அப்படிக் கேட்பதில் தப்பே இல்லை. நானும் கேட்டவன்தான். கேட்டு ஏமாந்தவன்.

நான் வேலையில் சேர்ந்த புதிது. பழைய மாருதி 800 ஒன்று வாங்கியிருந்தேன். பின் டயர் இரண்டும் தேய்ந்துவிட்டன. ஒரு கடையில், "சார், கம்பெனி டயர், ரெண்டாயிரம் கிலோமீட்டர்கூட ஓடல, பட்டன் பாருங்க" என்று இரண்டு பழைய டயரைக் காட்டினார்கள். கருகருவென்று மின்னியது. புது டயரின் விலையில் பாதிகூட இல்லை. மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்த பௌர்ணமிக்கு அம்மாவையும் மனைவியையும் அழைத்துக்கொண்டு திருவண்ணாமலைக்குக் கிளம்பினேன். ஊத்தங்கரை தாண்டி, செங்கம் போகிற சாலை. நல்ல வெயில். படார் என்று ஒரு சத்தம். காரின் பின்பக்கம் என் கையில் இல்லை. இரண்டு பக்கமும் புளியமரம். எந்த மரத்திலும் மோதாமல் வண்டி ஒரு கடலைக்கொல்லையில் இறங்கி நின்றது அம்மா செய்த புண்ணியம். இறங்கி ஸ்டெப்னியை எடுத்தால், அதிலும் காற்று இல்லை!

அந்த டயரைப் பஞ்சர் கடைக்காரர் ஒருவர் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சார், இது வெட்டுன டயர். தேஞ்சு போன டயர்ல கத்தி வச்சு கோடு கிழிச்சு, பாலிஷ் போட்டு வித்திருக்காங்க." வண்டிகளைச் சோதிக்கிற ஆய்வாளர் நான். அவர் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது.

அன்று கற்றதைத்தான் இன்று உங்களிடம் சொல்லப் போகிறேன். டயரில் மிச்சம் பிடிக்க வழி இருக்கிறது. ஆனால் எங்கே மிச்சம் பிடிப்பது என்று தெரிந்து பிடிக்க வேண்டும்.

எப்போது மாற்ற வேண்டும்?

டயரின் பள்ளங்களுக்குள் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். அங்கங்கே சின்ன மேடு தட்டுப்படும். தேய்மானத்தைக் காட்டுவதற்காகக் கம்பெனியே வைத்தது அது. அந்த மேடு எங்கே இருக்கிறது என்பதற்கு டயரின் ஓரத்தில் ஒரு முக்கோணமோ, 'டி.டபிள்யூ.ஐ.' என்ற எழுத்தோ இருக்கும். மேட்டின் உயரம் 1.6 மில்லிமீட்டர். பட்டன் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால், மாற்றியே ஆக வேண்டும். மத்திய மோட்டார் வாகன விதிகளும் காருக்கு இந்த 1.6 மில்லிமீட்டரைத்தான் குறைந்தபட்ச அளவாக வைத்திருக்கின்றன.

இந்தப் பள்ளங்கள் அழகுக்காக இல்லை. சாலையில் நிற்கிற தண்ணீரை டயர் இந்த வழியாகத்தான் வெளியே தள்ளுகிறது. பள்ளம் இல்லாவிட்டால் டயர் தண்ணீர் மேல் மிதக்க ஆரம்பித்துவிடும். அப்போது பிரேக்கும் பிடிக்காது, ஸ்டீயரிங்கும் கேட்காது.

பணி ஓய்வு பெற்ற ஐயாமார்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். "என் வண்டி வருஷத்துக்கு மூவாயிரம் கிலோமீட்டர்தான் ஓடுது, பட்டன் அப்படியே இருக்கு" என்பீர்கள். ஓடாவிட்டாலும் ரப்பருக்கு வயசாகும். வெயிலில் நின்றே பக்கவாட்டில் வெடிப்பு விடும். ஐந்து ஆண்டு தாண்டிய டயரை ஆண்டுக்கு ஒரு முறை தெரிந்தவரிடம் காட்டுங்கள். தயாரித்துப் பத்து ஆண்டு ஆகிவிட்டால், பட்டன் இருந்தாலும் மாற்றிவிடுங்கள். ஸ்டெப்னிக்கும் இதே கணக்குதான்.

"ஆல்ட்டோ டயர் குடுங்க" என்று கேட்காதீர்கள்

கார் பெயரைச் சொல்லி டயர் கேட்பதுதான் முதல் தவறு. ஆல்ட்டோ 800-க்கு 145/80 ஆர் 12. பழைய ஆல்ட்டோ கே10-க்கு 155/65 ஆர் 13. 2022-இல் வந்த புது கே10-க்கு 145/80 ஆர் 13. பெயர் ஒன்று, அளவு மூன்று. நானோவில் முன்பக்கம் 135/70 ஆர் 12, பின்பக்கம் 155/65 ஆர் 12. அதனால் நானோவில் முன் டயரைக் கழற்றிப் பின்னால் போட முடியாது.

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால், கதவுச் சட்டத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். டயர் அளவும் காற்றின் அளவும் அதில் இருக்கும். கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

145/80 ஆர் 12 74டி என்றால் என்ன? டயரின் அகலம் 145 மில்லிமீட்டர். பக்கவாட்டின் உயரம் அந்த அகலத்தில் 80 சதவீதம், அதாவது 116 மில்லிமீட்டர். 'ஆர்' என்றால் ரேடியல். ரிம்மின் விட்டம் 12 அங்குலம். 74 என்பது எடைக் குறியீடு: ஒரு டயர் 375 கிலோ வரை தாங்கும். 'டி' என்றால் மணிக்கு 190 கிலோமீட்டர் வேகம் வரைக்குமானது. கடைக்காரர் வேறு டயர் காட்டினால், எடைக் குறியீடும் வேக எழுத்தும் பழைய டயரில் இருந்ததைவிடக் குறையக் கூடாது.

"கொஞ்சம் அகலமா போடுங்க, வண்டி கெத்தா இருக்கும்" என்று சொல்வார்கள். சின்ன இன்ஜினுக்கு அது சுமை. மைலேஜ் குறையும், ஸ்டீயரிங் கனக்கும், திருப்பும்போது உரசும். கம்பெனி கொடுத்த அளவே பெரும்பாலும் விலை குறைந்த அளவும்கூட. மிச்சம் பிடிக்க முதல் இடம் இதுதான்.

கடையில் பார்க்க வேண்டியவை

முதலில் தேதி. டயரின் பக்கவாட்டில் 'டி.ஓ.டி.' என்று தொடங்கும் வரிசையின் கடைசியில் நான்கு இலக்கம் இருக்கும். 2325 என்றால் 2025-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. சில டயரில் இது ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கும். ஆகவே ரிம்மில் மாட்டுவதற்கு முன்பே பாருங்கள். ஓராண்டுக்குள் தயாரானதாகக் கேளுங்கள். அதைவிடப் பழையது என்றால், "விலையைக் குறைச்சுக்கோங்க" என்று தைரியமாகக் கேட்கலாம்.

இரண்டாவது, ஐ.எஸ்.ஐ. முத்திரை. நம் நாட்டில் கார் டயருக்கு இது கட்டாயம். முத்திரையோடு உள்ள உரிம எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் போட்டால், அது உண்மையான உரிமமா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

மூன்றாவது, ரசீது. "பில் வேண்டாம்னா கொஞ்சம் குறைச்சுத் தர்றேன்" என்ற பேச்சுக்கு மயங்காதீர்கள். புது டயருக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. வரி இல்லாமல் 3,000 ரூபாய் ஆகிற டயருக்கு முன்பு 840 ரூபாய் வரி, இப்போது 540. ஆகவே 300 ரூபாய் நேராகவே குறைகிறது. ரசீதில் டயரின் அளவையும் வரிசை எண்ணையும் எழுதி வாங்குங்கள். தயாரிப்புக் குறை என்றால் கம்பெனி உத்தரவாதத்தில் கேட்க அந்தக் காகிதம்தான் ஆதாரம்.

பழைய டயரும் ரீபட்டனும்

காருக்குப் பழைய டயர் வேண்டாம். அது எந்தக் குழியில் இறங்கியது, எத்தனை நாள் காற்று இல்லாமல் ஓடியது என்று வெளியே தெரியாது. வெட்டின டயரைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: பள்ளத்துக்குள் நான் சொன்ன அந்த மேடு இருக்கிறதா என்று தடவுங்கள். கத்தி போன இடத்தில் மேடு அறுந்திருக்கும், அல்லது மேடே இருக்காது. லாரி டயரில் கம்பெனியே அனுமதித்து, மறுபடி கோடு வெட்டும் வகை உண்டு. கார் டயரில் அது கிடையாது. ரீபட்டன் போட்ட டயரும் குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் போகிற காருக்கு வேண்டாம்.

ஒரு கணக்குப் போடுவோம். புது டயர் 3,000 ரூபாய், 40,000 கிலோமீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் கிலோமீட்டருக்கு 75 ரூபாய். பழைய டயர் 1,200 ரூபாய், 8,000 கிலோமீட்டர் ஓடுகிறது என்றால், ஆயிரம் கிலோமீட்டருக்கு 150 ரூபாய். எது சீப்பு? நீங்களே சொல்லுங்கள். இதில் கடலைக்கொல்லையில் இறங்குகிற செலவை நான் சேர்க்கவில்லை.

பணம் இரண்டு டயருக்குத்தான் இருக்கிறதா?

பரவாயில்லை. நாலையும் ஒரே நாளில் மாற்ற வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆனால் ஜோடியாக மாற்றுங்கள். ஒரே அச்சில் இருக்கிற இரண்டும் ஒரே அளவு, ஒரே வகையாக இருக்க வேண்டும். புது ஜோடியைப் பின்னால் போடுங்கள். "இன்ஜின் முன்னாடிதானே இழுக்குது, புதுசை முன்னாடிதானே போடணும்?" என்று பலரும் கேட்பார்கள். முன்சக்கரம் வழுக்கினால் வண்டி நேராக ஓடப் பார்க்கும்; வேகத்தைக் குறைத்தால் பிடிக்குள் வந்துவிடும். பின்சக்கரம் வழுக்கினால் வண்டியே சுழன்றுவிடும். அதைச் சாதாரண ஓட்டுநரால் சமாளிக்க முடியாது. இதை நான் செங்கம் சாலையில் படித்தேன்.

டயர் மாற்றும்போது டியூப்லெஸ் வால்வையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள், சின்னச் செலவுதான். பேலன்சிங், அலைன்மென்ட் இரண்டும் அவசியம். அலைன்மென்ட் சரியில்லாவிட்டால் புது டயரின் ஓரம் சீக்கிரமே தேய்ந்துபோகும். டியூப்லெஸ் டயருக்குள் டியூபைப் போட்டுச் சமாளிக்கிற வேலை வேண்டாம். சூடாகும், பஞ்சரானால் காற்று ஒரேயடியாக இறங்கும்.

நைட்ரஜனுக்குக் காசு கொடுக்க வேண்டுமா என்று கேட்பீர்கள். நாம் மூச்சு விடுகிற காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். பெட்ரோல் பங்க்குகளில் காற்று இலவசமாகத் தர வேண்டும் என்பது விதி. பதினைந்து நாளுக்கு ஒரு முறை, டயர் சூடாவதற்கு முன் பிடியுங்கள். ஸ்டெப்னியை மறந்துவிடாதீர்கள்! காற்று குறைவாக ஓடினால் டயரும் தேயும், பெட்ரோலும் கூடுதலாகச் செலவாகும்.

ஏமாந்துவிட்டால்?

அன்று நான் அந்தக் கடைக்குத் திரும்பிப் போனேன். "எங்ககிட்ட வாங்குனீங்கன்னு என்ன ஆதாரம்?" என்று கேட்டார்கள். என்னிடம் ரசீது இல்லை. வாயை மூடிக்கொண்டு வந்தேன். உங்களுக்கு அந்த நிலை வரக் கூடாது.

ரசீது இருந்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அங்கே தீராவிட்டால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாக வீட்டிலிருந்தபடியே மனு தாக்கல் செய்யலாம்.

கடைசியாக ஒன்று. நாலு டயரும் சாலையைத் தொடுகிற இடத்தைச் சேர்த்தால் நம் உள்ளங்கைகள் சிலவற்றின் அளவுதான் வரும். அந்த இடத்தின் மேல்தான் உங்கள் குடும்பம் உட்கார்ந்து போகிறது. அகல டயரில் மிச்சம் பிடியுங்கள், நைட்ரஜனில் மிச்சம் பிடியுங்கள், ஜோடி ஜோடியாக மாற்றிச் சமாளியுங்கள். டயரின் தரத்தில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

இப்போது எல்லோரும் வெளியே போய், உங்கள் காருக்குப் பக்கத்தில் குனிந்து அந்த மேட்டையும் அந்த நான்கு இலக்கத்தையும் தேடிப் பாருங்கள். தெரியாவிட்டால் கூப்பிடுங்கள், நானும் வருகிறேன்.