அவர் வீட்டை விட்டு இறங்க வேண்டியதில்லை

(முத்துப்பேட்டையில் நடந்த நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தண்ணீர், லிஃப்ட், பராமரிப்புக் கட்டணம் என்று பேசும் கூட்டத்தில் குடும்ப வன்முறை எதற்கு என்று சிலர் நினைக்கலாம். ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் குடியிருப்பவர்கள் நாம். பக்கத்து வீட்டில் பாத்திரம் விழுந்ததா, ஆள் விழுந்ததா என்று சத்தத்திலேயே தெரிந்துவிடும். தெரிந்தும், "அது அவங்க வீட்டு விஷயம்" என்று டிவி சத்தத்தைக் கூட்டிவிடுகிறோம்.

2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் 100க்கு 38 பேர் கணவரின் வன்முறைக்கு ஆளானவர்கள். இந்திய அளவில் இது 29. நாடு முழுவதும் இப்படி அடிபட்ட பெண்களில் எங்காவது உதவி கேட்டவர்கள் 14 சதவீதம்தான்.

ஏன் கேட்பதில்லை? 1983இல் வந்த 498ஏ பிரிவு, இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 85ஆவது பிரிவு, கணவரைத் தண்டிக்கும். ஆனால் புகார் கொடுத்த பெண் அன்று இரவு எங்கே படுப்பார், பிள்ளைகள் எதைச் சாப்பிடும் என்பதற்கு அதில் பதில் இல்லை.

அந்தப் பதிலைக் கொடுத்தது 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கும் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம். எந்த மதத்தவருக்கும் பொருந்தும். வீடு யார் பெயரில் இருந்தாலும், வாடகை வீடானாலும், சேர்ந்து வாழ்ந்த வீட்டில் தொடர்ந்து வசிக்கப் பெண்ணுக்கு உரிமை உண்டு. மாமனார் பெயரிலுள்ள வீட்டுக்கும் இது பொருந்தும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. நீதித்துறை நடுவர் பாதுகாப்பு ஆணை, வசிப்பிட ஆணை, செலவுத் தொகை எல்லாம் வழங்கலாம். பாதுகாப்பு ஆணையை மீறினால் ஓராண்டு வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

நம் ஊரில் பல வீடுகளில் சம்பாதிப்பவர் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார். கை நீட்டினால்தான் வன்முறை என்பதில்லை. செலவுக்குப் பணம் அனுப்பாமல் நிறுத்துவது, நகையை வாங்கி விற்றுவிடுவது, போனில் தினமும் கேவலமாகத் திட்டுவது ஆகியவையும் இந்தச் சட்டப்படி வன்முறையே.

"பொய் வழக்கு போட்டால்?" என்று கேட்பீர்கள். மனு கொடுத்தவுடன் யாரையும் கைது செய்யும் சட்டம் இதுவல்ல. இரு தரப்பையும் கேட்டுத்தான் இறுதி ஆணை வரும். 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் வழக்குகள் இழுத்துக்கொண்டு போவதும் உண்டு. அதனால்தான் இடைக்கால ஆணை கேட்க வழி வைத்திருக்கிறார்கள்.

சட்டம் தானாக மாடிப்படி ஏறி வராது. பாதிக்கப்பட்டவர்தான் சொல்ல வேண்டும் என்றும் இல்லை. 4ஆவது பிரிவின்படி, விஷயம் தெரிந்த யாரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம். நல்லெண்ணத்தில் சொன்னவர்மேல் வழக்கு வராது. நமக்குப் பாதுகாப்பு அலுவலர் திருவாரூர் மாவட்டச் சமூக நலத்துறையில் இருக்கிறார்.

சங்கத்திடம் நான் கேட்பது நான்கு.

ஒன்று: "என் மனைவியை உள்ளே விடாதே" என்று எந்தக் கணவர் சொன்னாலும் வாட்ச்மேன் கேட் கதவைச் சாத்தக் கூடாது.

இரண்டு: பராமரிப்புக் கட்டணத்தைக் கணவர் வேண்டுமென்றே கட்டாமல் விட்டால், அதற்காகப் பெண்ணும் பிள்ளைகளும் இருக்கும் வீட்டின் தண்ணீரை நிறுத்தக் கூடாது. பாக்கியைக் கணவரிடம் கேளுங்கள்.

மூன்று: சம்பவம் நடந்த நாளின் சிசிடிவி பதிவை அழியவிடாமல் எடுத்துவையுங்கள். நாளை அது சாட்சி.

நான்கு: இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்துப் பஞ்சாயத்து பேச வேண்டாம். கணவர் முன்னால் அவர் உண்மையைச் சொல்ல மாட்டார்; சொன்னால் அதற்கும் சேர்த்து இரவில் அடி விழும். பெண் ஒருவர் தனியாகப் போய், "என்ன உதவி வேண்டும்?" என்று கேட்டாலே போதும்.

பெண்கள் உதவி எண் 181. இலவசச் சட்ட உதவிக்கு 15100. பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது. உயிருக்கு ஆபத்து என்றால் யோசிக்காமல் 112. இந்த மூன்று எண்களையும் லிஃப்டுக்குள் ஒட்டிவையுங்கள். யாரும் பார்க்காமல் ஒரு பெண் அதைப் படித்துக்கொள்ளக்கூடிய இடம் அதுதான்.