தயங்கும் தாயும் தயங்கிய அறிவியலும்

கருவுற்ற தாய்மாரும் பாலூட்டும் தாய்மாரும் தடுப்பூசிக்குத் தயங்குவது ஏன் என்று ஆராயும் இந்தக் கருத்தரங்கிற்குத் தலைமையேற்கும் வாய்ப்பளித்த அமைப்பாளர்களுக்கு என் நன்றி.

தயக்கத்துக்கு அறியாமை என்று பெயர் சூட்டிவிட்டு நகர்வது எளிது. ஆனால் நம் தாய்மாரின் நடைமுறை அதை ஏற்கவில்லை. கர்ப்பகாலத்தில் ரண ஜன்னித் தடுப்பூசி போட்டுக்கொள்வது நம் ஊர்களில் தலைமுறைகளாக வழக்கம். அந்த ஊசியும் பாதுகாப்பான பிரசவமும் சேர்ந்தே, பிறந்த குழந்தைகளைத் தாக்கும் ரண ஜன்னியை இந்தியாவின் ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆயிரம் பிறப்புக்கு ஒன்றுக்கும் கீழே கொண்டுவந்தன. 2015இல் உலக சுகாதார நிறுவனம் அதை உறுதிசெய்தது. அதே தாய்மாரில் பலர் 2021இல் கொரோனா தடுப்பூசிக்கு ஏன் தயங்கினார்கள்?

அவ்வாண்டின் நாட்காட்டியைப் பாருங்கள். ஜனவரி 16 அன்று நாட்டில் தடுப்பூசிப் பணி தொடங்கியபோது, கர்ப்பிணிகளும் பாலூட்டுவோரும் விலக்கப்பட்டிருந்தனர். பாலூட்டுவோருக்கு மே 19 அன்றும், கர்ப்பிணிகளுக்கு ஜூலை 2 அன்றும்தான் அனுமதி கிடைத்தது. அதற்குள் இரண்டாம் அலை உச்சத்தைத் தொட்டு இறங்கிவிட்டது. “போடக்கூடாது” என்று நாமே மாதக்கணக்கில் சொல்லிவிட்டு, பிறகு “உடனே போடுங்கள்” என்றோம். “பிள்ளைக்கு ஏதாவது ஆயிடுமா? ஊசி போட்டா பால் கொடுக்கலாமா?” என்று தாய் கேட்டது நியாயமான கேள்வி.

அந்தக் கேள்விக்கு உடனடியாக விடை சொல்ல முடியாமல் போனதன் காரணம், தடுப்பூசியின் தொடக்கக்கட்ட ஆய்வுகளில் கர்ப்பிணிகளைச் சேர்க்காததே. 1950களின் இறுதியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு மாத்திரையால் ஆயிரக்கணக்கான குழந்தைகள் உறுப்புக் குறையோடு பிறந்தனர். அதிலிருந்து மருத்துவ உலகம் கற்றது, கர்ப்பிணியை ஆய்விலிருந்து விலக்கிவைப்பதை. ஆனால் அந்தக் கொடுமை நேர்ந்தது, கருவின்மீதான விளைவை முறையாக ஆராயாமலேயே மருந்தை விற்றதால். விலக்கிவைப்பதால் ஆபத்து நீங்குவதில்லை. அது ஆய்வுக்கூடத்திலிருந்து அவள் வீட்டுக்கு இடம்பெயர்கிறது.

கொரோனா தொற்றிய கர்ப்பிணிக்குத் தீவிர சிகிச்சையும் குறைப்பிரசவமும் நேரும் வாய்ப்பு கூடுதல் என்பதை இன்று அறிவோம். தடுப்பூசியால் தாயிடம் உருவாகும் எதிர்ப்புப் புரதங்கள் நச்சுக்கொடி வழியே சிசுவை அடைவதையும், தாய்ப்பாலில் காணப்படுவதையும் அறிவோம். தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி போன்ற உயிர்க்கிருமித் தடுப்பூசிகளைக் கர்ப்பகாலத்தில் தவிர்க்க வேண்டும் என்பதும் தெளிவு. எது வேண்டும், எது வேண்டாம் என்பதைக் காரணத்தோடு சொன்னால் தாய் கேட்பாள். அவள் முடிவில் பங்கெடுக்கும் கணவரும் மாமியாரும் கேட்பார்கள்.

ஆகவே அமர்வுகளின் முன் மூன்று கோரிக்கைகளை வைக்கிறேன். புதிய தடுப்பூசி ஆய்வுகளில், உரிய பாதுகாப்போடும் முழு ஒப்புதலோடும், கர்ப்பிணிகளைத் தொடக்கத்திலேயே சேர்க்க வழிகாணுங்கள். ஆரம்ப சுகாதார நிலையம் முதல் தனியார் மருத்துவமனை வரை ஒரே விடை கிடைக்கச் செய்யுங்கள். வீடு தேடிச் செல்லும் செவிலியருக்கு அந்த விடையை முதலில் கொடுங்கள், அதைச் சொல்ல நேரமும் கொடுங்கள். தாய் நம்புவது அவரைத்தான்.

தாயின் தயக்கத்தைக் களையும் கடமை நம்முடையது. அந்தக் கடமையை ஏற்று, கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.