பழைய சரக்கு வண்டி வாங்கலாமா?

(அணைக்கட்டில் உழவர் பயிற்சிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பயிரைப் பற்றிப் பேச வேண்டியவன் வண்டியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேனே என்று வியக்க வேண்டாம். சென்ற மாதம் இலவம்பாடிப் பக்கம் முள்ளுக் கத்தரி வயல்களைப் பார்க்கச் சென்றிருந்தேன். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற அதே கத்தரிதான். அங்கு ஓர் உழவர் காய்த்துளைப்பானைப் பற்றிக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அவரோ, "சார், ரெண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடின குட்டி யானை ஒண்ணு ரெண்டு லட்சத்துக்கு வருது. வீட்டு நகையை அடகு வெச்சு வாங்கிடலாமா?" என்று கேட்டார். அவருக்கு அன்று சொன்னதைத்தான் இன்று உங்களுக்கும் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். வண்டியைப் பார்க்கப் போவது அதன் பிறகுதான். உங்கள் ஊரிலிருந்து வேலூர் நேதாஜி மார்க்கெட்டுக்குப் போய்வர 50 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வாடகை வண்டிக்கு ஒரு நடைக்கு 800 ரூபாய். சொந்த வண்டி லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடி, டீசல் 95 ரூபாய் விற்றால், எரிபொருளுக்குச் சுமார் 320 ரூபாய் ஆகும். ஆக ஒரு நடைக்கு மிச்சம் 480 ரூபாய். ஓட்டுநர் கூலியை நான் சேர்க்கவில்லை. நீங்களோ மகனோ ஓட்டுவதாகவே வைத்துக்கொள்வோம்.

இனி வண்டி நின்றாலும் ஓடினாலும் ஆகும் செலவைப் பாருங்கள். இரண்டு லட்சத்துக்கு வாங்கி ஐந்து ஆண்டு கழித்து 60,000 ரூபாய்க்கு விற்றால் தேய்மானம் ஆண்டுக்கு 28,000. நூற்றுக்குப் 12 வட்டி என்றால் 24,000. காப்பீடு, வரி, தகுதிச் சான்று ஆகியவற்றுக்கு 25,000 வைக்க வேண்டும். மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு மட்டும், 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டிக்கு 2022இல் 16,049 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். டயர், பேட்டரி, பழுது ஆகியவற்றுக்கு 35,000. பழைய வண்டிக்கு இது அதிகம் அன்று. மொத்தம் 1,12,000 ரூபாய். இதை 480ஆல் வகுத்தால் ஆண்டுக்கு 230 நடைக்கு மேல் ஓடினால்தான் கட்டுப்படியாகும்.

ஓர் ஏக்கர் கத்தரி வைத்திருப்பவருக்கு வாரம் இரண்டு பறிப்பு, நான்கு மாதம் என்றால் 35 நடைதான் வரும். இது என் கணக்கு. வாடகையும் தூரமும் ஊருக்கு ஊர் மாறும், உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். ஆயினும் 35க்கும் 230க்கும் உள்ள இடைவெளி எளிதில் மூடாது. அக்கம்பக்கத்து நான்கைந்து உழவர்களின் காயையும் ஏற்ற முடியுமா, ஒடுகத்தூர் வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தைக்கும் வண்டியை அனுப்ப முடியுமா என்று யோசித்து, அவர்களிடம் பேசி உறுதி செய்துகொண்ட பிறகே அடுத்த அடி வைக்க வேண்டும். வாடகை வண்டி தாமதமாக வந்து, விடியற்கால ஏலம் தவறி, காய் பாதி விலைக்குப் போன அனுபவம் உங்களில் பலருக்கு உண்டு என்பதை அறிவேன். அந்த நட்டத்தையும் கணக்கில் சேருங்கள். ஆனால் கோபத்தில் சேர்க்காதீர்கள். ஆண்டில் எத்தனை முறை அப்படி நேர்ந்தது என்று எண்ணிச் சேருங்கள்.

கணக்கு ஒத்துவந்தால் வண்டியைப் பார்க்கலாம். பொய்கைச் சந்தையில் மாடு வாங்கும்போது வயதைச் சொன்னால் நம்பிவிடுகிறீர்களா? பல்லைப் பிடித்துப் பார்க்கிறீர்கள், நடக்கவிட்டுப் பார்க்கிறீர்கள், முடிந்தால் பூட்டியும் பார்க்கிறீர்கள். மீட்டரில் தெரியும் கிலோமீட்டர் விற்பவர் சொல்லும் வயதைப் போன்றது. அதைத் திருத்தவும் முடியும். மீட்டர் 60,000 காட்டும் வண்டியில் கிளச், பிரேக் மிதிகளின் ரப்பர் வழுவழுப்பாகத் தேய்ந்திருந்தால் எதை நம்புவது என்று நீங்களே முடிவு செய்யலாம்.

எவ்வளவு ஓடியது என்பதைவிட எதை ஏற்றி ஓடியது என்பதே நம் பகுதிக்கு முக்கியமான கேள்வி. ஆம்பூரிலிருந்து காலணிப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு சென்னை நெடுஞ்சாலையில் இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டியையும், பச்சைத் தோல் ஏற்றித் தோல் மண்டிக்கும் பதனிடும் தொழிற்சாலைக்கும் 80,000 கிலோமீட்டர் ஓடிய வண்டியையும் அருகருகே நிறுத்தினால், நான் முதல் வண்டியைத்தான் பார்ப்பேன். பச்சைத் தோல் கெடாமலிருக்க அதன் எடையில் ஏறக்குறைய 40 முதல் 50 சதம் வரை உப்புத் தூவுகிறார்கள். அந்த உப்புநீர் தளத்தின் இடுக்குகளில் இறங்கிச் சேசிஸ், பட்டைகள், பிரேக் குழாய் எல்லாவற்றையும் அரிக்கும். எஞ்சின் நன்றாக இருந்தும் வண்டி அடியிலிருந்து சாகும். உவர் நிலத்தில் பயிர் வைத்தவர்களுக்கு உப்பின் வேலையை நான் விளக்க வேண்டியதில்லை.

எங்கள் வீட்டிலேயே இது நடந்தது. என் அண்ணன் ஒரு வியாபாரியிடம் வாங்கிய வண்டியின் அடிப்பாகம் புதிதாகக் கருப்பு வண்ணம் பூசிப் பளபளத்தது. நானும் உடன் சென்றிருந்தேன். "நன்றாகப் பராமரித்திருக்கிறார்கள்" என்று சொன்னவனும் நான்தான். நான்காம் மாதம் தக்காளி ஏற்றி இறக்கத்தில் வரும்போது பிரேக் குழாய் அரித்துப் போன இடத்தில் விட்டது. அண்ணன் கியரைக் குறைத்து, சாலையோர மண்மேட்டில் ஏற்றி நிறுத்தினார். யாருக்கும் அடியில்லை. பணிமனையில் தளத்தகட்டைக் கழற்றியபோதுதான் உள்ளே வெள்ளையாகப் பூத்திருந்த உப்பைக் கண்டோம்.

ஆகவே தரையில் படுத்து அடியைப் பாருங்கள். வண்ணம் புதிதாக இருந்தால் திருப்புளியால் அழுத்திப் பாருங்கள்; பொருக்குப் பொருக்காகக் கொட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். செங்கல், மணல் ஏற்றிய வண்டியா என்றும் விசாரியுங்கள். 2005இல் முதலில் வந்த டாட்டா ஏஸின் சுமைத்திறன் 750 கிலோ. அதில் ஒன்றரை டன் ஏற்றியவர்கள் உண்டு. பின்பட்டைகள் நிமிர்ந்து தட்டையாகிப் போயிருந்தால் அதுவே சாட்சி.

எண்ணெய் எரிந்தால் புகை நீலமாக வரும். சூடான பிறகும் வெண்புகை நிற்காவிட்டால் குளிர்நீர் உள்ளே கசிகிறதோ என்று சந்தேகிக்க வேண்டும். வெற்று வண்டியை ஓட்டிப் பார்த்து மயங்க வேண்டாம். பத்து மூட்டை ஏற்றி, ஒடுகத்தூரிலிருந்து பீஞ்சமந்தை மலைப் பாதையில் கொஞ்ச தூரம் ஏற்றிப் பாருங்கள். எஞ்சின் இரைந்தும் வேகம் கூடாவிட்டால் கிளச் தேய்ந்துவிட்டது. உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவருக்கு அரைநாள் கூலி கொடுத்து அழைத்துச் செல்லுங்கள். விற்பவர் காட்டும் மெக்கானிக் வேண்டாம்.

சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசலாம். வண்டியின் காகிதம் வெளிச்சத்தில் இருக்க வேண்டும். பரிவாகன் இணையதளத்தில் பதிவு எண்ணைப் போட்டால் தகுதிச் சான்று, காப்பீடு, வரி, கடன் அடமானம் ஆகியவை தெரியும். நிதி நிறுவனக் கடன் இருந்தால் படிவம் 35 வரும்வரை பணம் கொடுக்க வேண்டாம். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. மாநிலத்துக்குள் விற்பவர் 14 நாளுக்குள்ளும் வாங்குபவர் 30 நாளுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும். எட்டு ஆண்டைக் கடந்த சரக்கு வண்டிக்குத் தகுதிச் சான்று ஆண்டுதோறும் எடுக்க வேண்டும். 15 ஆண்டைக் கடந்தவற்றுக்கு 2022 ஏப்ரல் முதல் கட்டணம் பல மடங்கு உயர்ந்துவிட்டது. வண்டி மலிவாக வருவதன் காரணம் சில நேரம் அதுவே.

இன்னொன்று. பறிப்பு ஆட்களைப் பின்னால் ஏற்றிச் செல்லும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றி விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்கும். இழப்பீடு உங்கள் நிலத்தின் மேல் வந்து நிற்கும்.

வண்டியைப் பார்க்க விடியுமுன் செல்லுங்கள். முன்கூட்டியே எஞ்சினை இயக்கி வைக்க வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். போனதும் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், ஏன் சூடாக்கினார் என்று கேளுங்கள்.