வாள் என்னுஞ் சொல்
(நமது சங்கக் கூட்டத்திற் செய்த சொற்பொழிவு)



இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் 'வாள்' என்னும் ஒரு சொல். இதனைக் கேட்ட மாத்திரத்தே வேந்தர்தம் கைப்படையே நம் நினைவிற்கு வருகின்றது. நம் முன்னோர் வாளேந்திய வீரரென்று பெருமை பேசுவோரும் நம்மிற் பலர். அச்சொல்லின் பொருளைச் சிறிது ஆராய்வோமாக.

தொல்காப்பியர் உரியியலில் வாள் என்பதற்கு ஒளி என்று பொருள் கூறினார். வாணுதல் என்பது ஒளி பொருந்திய நெற்றி. தீட்டிய இரும்பு ஒளிவிடுதலின் அப்பெயர் படைக்கும் ஆயிற்றெனக் கொள்ளுதல் பொருந்தும். அரசனது வாளைப் புகழ்தல் வாண்மங்கலம் எனவும், பகைவர் மதிலைக் கருதி நன்னாளில் வாளைப் புறவீடு விடுதல் வாணாட்கோள் எனவும் புறத்திணை நூல்களுட் பெயர் பெறும்.

தச்சர் மரம் அறுக்குங் கருவிக்கும் வாள் என்பதே பெயர். ஈர்தலாவது அறுத்தல், ஆதலின் அஃது ஈர்வாள் எனவும்படும். நாம் இதனை ரம்பம் என்கின்றோம். இலங்கைத் தமிழர் இன்றும் வாள் என்றே வழங்குவர். திருவள்ளுவர் நிலையாமை அதிகாரத்தில், கழியும் நாளை உயிரறுக்கும் வாளாகக் கண்டார். ஒரே வீச்சில் வெட்டும் படையினும், சிறிது சிறிதாக அறுத்துச் செல்லும் ஈர்வாளே அவ்விடத்திற்கு மிகவும் பொருந்துவதாம்.

இனி, அரிவாள். அரிதலும் அறுத்தலே. பல் வைத்த கருக்கரிவாள் கதிரை அறுக்கும். பல்லில்லாத வெட்டரிவாள் விறகையும் முள்ளையும் வெட்டும். அடுக்களையில் நம் தாய்மார் மிதித்துக்கொள்ளும் அரிவாண்மணையிலோ வாள் அசையாது நிற்கும். காயே அதனிடஞ் செல்லும். பேச்சில் அருவாள், அருவாமணை எனத் திரிந்து வழங்கினும், அவற்றுள்ளும் இருப்பது அவ்வாளே.

அன்பர்களே! பாட்டன் ஏந்திய வாளைப் பாடுவோர், தந்தை பிடித்த அரிவாளைச் சொல்ல நாணுகின்றனர். தந்தையின் தொழிலைக் கேட்டால் தலைகுனியும் மாணவரைப் பள்ளியிற் காண்கின்றோம். மணம் பேசுமிடத்தும், அரிவாள் பிடிக்குங் குடும்பமென்று ஒதுக்குவோர் நம்முள் உளர். இது தகுமோ? படைவாள் போரில்லாத காலத்து உறையிற் கிடந்தது. அரிவாளோ அறுவடைதோறும் நமக்குச் சோறிட்டது. சொல்லளவில் ஒருகுடிப் பிறந்த இரண்டனுள் ஒன்றை உயர்த்தி மற்றொன்றை இகழ்தல் முறையன்று.

எவ்வகை வாளும் தீட்டாவிடின் துருவேறும். ஒளியென்னும் அதன் பழம்பொருளும் அகலும். குடிப்பெருமையும் அத்தகையதே. உழைப்பாலுங் கல்வியாலும் அதனை நாடோறுந் தீட்டுவோமாக. நம் மக்கள் தந்தையின் தொழிலைத் தலைநிமிர்ந்து கூறுவாராக.