காலுக்கு ஏற்ற மெத்தை: எம்.சி.ஆர். செருப்பும் ஃபோம் சோலும்

(திண்டிவனத்தில் நடந்த குடும்ப நலக் கூட்டத்தில் நமது அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



இன்று நாம் பேச வந்திருப்பது செருப்பைப் பற்றி. அறக்கட்டளைக் கூட்டத்தில் இது ஒரு தலைப்பா என்று சிலர் நினைக்கலாம். ஆனால் சர்க்கரை நோயாளி இருக்கும் வீட்டில் செருப்பு என்பது மருந்து மாத்திரையைப் போன்றதுதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுவதும் நடத்திய ஆய்வு 2023ஆம் ஆண்டு வெளியானது. இந்தியாவில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் சுமார் 10 கோடி பேர் என்று அது சொன்னது. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் நம் தெருக்களில் அந்த நோய் இல்லாத குடும்பத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

சர்க்கரை பல வருடங்கள் கட்டுப்படாமல் இருந்தால் பாதத்தின் நரம்புகள் பழுதாகி உணர்ச்சி குறைகிறது. முள் குத்தினால் தெரியாது, சுடுதரை சுடுவது தெரியாது. செருப்பே ஒரு கால் விட்டு நழுவிப் போனாலும் தெரியாமல் நடந்து வருகிறவர்கள் உண்டு. வலி என்பது நமக்கு ஒரு காவல்காரன். புதுச் செருப்பு கடித்தால் நாம் உடனே நொண்டுகிறோம், எடையை வேறு பக்கம் மாற்றுகிறோம், வீட்டுக்கு வந்ததும் கழற்றி எறிகிறோம். உணர்ச்சி போனவர் நொண்ட மாட்டார். அதே இடத்தில் ஆயிரக்கணக்கான முறை மிதித்து நடப்பார். அங்கே முதலில் காய்ப்பு வரும். காய்ப்பின் அடியில் சதை நசுங்கும், பிறகு புண்ணாகும். அந்தப் புண்ணில் கிருமி சேர்ந்து எலும்புவரை போனால் விரலையோ காலையோ எடுக்கும் நிலைக்குக் கொண்டுபோய் விடுகிறது.

இந்த உண்மையை உலகத்துக்கு எடுத்துச் சொன்ன இடங்களில் முக்கியமானது நமக்குப் பக்கத்தில் உள்ள வேலூர். கொல்லிமலையில் 1914இல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட் 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோயாளிகளின் கால் புண் ஆறாததற்குக் காரணம் அவர்கள் சதை கெட்டுப்போனது என்றுதான் அன்று பலரும் நம்பினார்கள். கெட்டது சதை அல்ல, வலி தெரியாத காலில் திரும்பத் திரும்ப விழும் அழுத்தமே புண்ணுக்குக் காரணம் என்று அவரும் அவரோடு உழைத்தவர்களும் காட்டினார்கள். அப்படியானால் மருந்து மட்டும் போதாது, அழுத்தத்தைக் குறைக்கும் செருப்பும் வேண்டும். பல பொருள்களைச் சோதித்துப் பார்த்தபின் அவர்கள் நாடியது நுண்ணறை ரப்பர். எம்.சி.ஆர். என்று நாம் சொல்வது அதைத்தான். காட்பாடிக்கு அருகே கரிகிரியில் 1955இல் தொடங்கிய தொழுநோய் மருத்துவமனையும் இந்தச் செருப்புப் பணியில் பெரும் பங்கு வகித்தது. பிராண்ட் 1966இல் அமெரிக்கா சென்றபின், தொழுநோயில் கற்ற பாடம் சர்க்கரை நோயாளிகளின் காலுக்கும் பொருந்தும் என்று அங்கே நடைமுறைப்படுத்தினார். விழுப்புரத்தில் காட்பாடி ரயில் ஏறினால் போய்ச் சேரும் தூரத்தில் பிறந்த அறிவு இது.

ரப்பர் எப்படிக் காலைக் காக்கிறது? கணக்கு எளிது. 60 கிலோ எடையுள்ள ஒருவர் நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் முழு எடையும் ஒற்றைக் காலில் நிற்கும். கடினமான தரையில் குதிகாலும் விரல்களுக்குப் பின்னால் உள்ள மேட்டுப் பகுதியும் மட்டுமே எடையைத் தாங்கும். தாங்கும் பரப்பு 50 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் 1.2 கிலோ. மெத்தை அமுங்கிப் பாதத்தின் பள்ளங்களிலும் தொட்டு 100 சதுர சென்டிமீட்டரில் தாங்கினால் அது 600 கிராமாகப் பாதியாகிறது. எடை குறையவில்லை, பகிரப்படுகிறது.

ஆகவே ஃபோம் எவ்வளவு மெத்தென்று இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்று நினைக்க வேண்டாம். கடையில் விரலால் அழுத்தினால் குழைகிற சோல், ஏறி நின்றதும் தட்டையாகித் தரையோடு ஒட்டிவிடும். பிறகு அது இருந்தும் இல்லாததுபோல்தான். அமுங்க வேண்டும், ஆனால் முழுதும் அமுங்கிவிடக் கூடாது. காலை எடுத்ததும் பழையபடி எழும்ப வேண்டும்.

நாம் கேள்விப்படும் பொருள்கள் நான்கு வகை.

முதலாவது எம்.சி.ஆர். மூடிய சிறு சிறு காற்றறைகள் கொண்ட ரப்பர். கடினத்தை 'ஷோர்' என்ற அளவுகோலில் அளப்பார்கள். உணர்ச்சியற்ற காலுக்கு 15 ஷோர் அளவை ஒட்டிய மென்மை போதும். சுமார் 10 மில்லிமீட்டர் தடிமனில் போடுவார்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்தினால் ஏறக்குறையப் பாதி அளவு அமுங்கி, விட்டதும் எழும்ப வேண்டும். கறுப்பாக இருப்பதெல்லாம் எம்.சி.ஆர். அல்ல.

இரண்டாவது ஈ.வி.ஏ. எடை குறைவு, பல கடினங்களில் கிடைக்கும். சூடேற்றி, காலின் அச்சின்மேல் வைத்து அழுத்தினால் அந்த வடிவத்தில் நிற்கும். அதனால் குதிகால் தாங்கி, வளைவுத் தாங்கி செய்ய உகந்தது. நாளடைவில் அமுங்கியது அமுங்கியபடியே இருந்துவிடும் என்பது அதன் குறை.

மூன்றாவது பாலிஎத்திலீன் ஃபோம். சுமார் 140 டிகிரி செல்சியஸ் சூட்டில் இளகி, பாதத்தின் வடிவத்தை அப்படியே வாங்கிக்கொள்ளும். புண் ஆறிய மென்மையான பாதத்துக்கு இதமானது. ஆனால் இது சீக்கிரம் தட்டையாகிவிடும். அதனால் அடியில் உறுதியான வேறு ஃபோம் வைத்து இரண்டடுக்காகச் செய்வார்கள்.

நான்காவது பாலியூரித்தேன் ஃபோம். நன்றாக எழும்பும். ஆனால் திறந்த அறை உள்ள வகை நீரை உறிஞ்சும். நாளுக்கு ஐந்து வேளை ஒளு செய்து ஈரக் காலோடு செருப்பு மாட்டுகிற நமக்கு இது முக்கியம். மூடிய அறை உள்ள எம்.சி.ஆரும் ஈ.வி.ஏ.வும் துடைத்தால் காய்ந்துவிடும். நீர் உறிஞ்சிய ஃபோம் காலையும் ஊற வைக்கும்.

உள்ளே மெத்தை இருந்தால் மட்டும் போதாது. நம் பக்கத்துக் கரும்புக் கொல்லையிலும் வேர்க்கடலைக் கொல்லையிலும் கிடக்கும் கருவேல முள், வெறும் ஃபோமைத் துளைத்துக் காலுக்குள் ஏறிவிடும். அடியில் முள் ஏறாத கெட்டியான ரப்பர் சோல் வேண்டும். ஆணி அடித்த செருப்பு கூடாது. ஒட்டியும் தைத்தும் செய்திருக்க வேண்டும். விரலிடுக்கில் வார் போகும் ஹவாய் செருப்பு ஆகாது. பின்னால் வாரும், வீக்கத்துக்கு ஏற்பத் தளர்த்தும் ஒட்டுப்பட்டையும் இருக்க வேண்டும்.

இனி நம் அறக்கட்டளையின் முடிவுக்கு வருகிறோம். நல்லெண்ணம் கொண்ட சகோதரர்கள் ஒரு யோசனை சொன்னார்கள். மொத்தமாக நூறு ஜோடி வாங்கி ஜும்ஆவுக்குப் பின் கொடுத்துவிடலாம் என்றார்கள். அல்லாஹ் அவர்கள் எண்ணத்துக்குக் கூலி தருவானாக. ஆனால் கலந்து பேசியபின் அப்படிச் செய்வதில்லை என்று தீர்மானித்திருக்கிறோம். அளவு பொருந்தாத செருப்பு, உணர்ச்சியற்ற காலுக்குத் தானே புண் உண்டாக்கும். இலவசமாக வந்தது கடிக்கிறது என்பதுகூட அவருக்குத் தெரியாது. எனவே நூறு பேருக்கு ஒரு முறை கொடுப்பதைவிட, குறைவான பேருக்கு அளவெடுத்துக் கொடுத்து, சோல் தேய்ந்ததும் மாற்றியும் கொடுப்பதே அமானிதம். எந்த ஃபோமும் நிரந்தரம் அல்ல. தினமும் நடப்பவருக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடத்தில் மெத்தை செத்துவிடும். மேலே பார்க்கப் புதிதுபோல் இருந்தாலும் குதிகால் இடத்தைக் கிள்ளிப் பார்த்தால் தெரியும். ஆகவே ஒவ்வொரு ஜோடிக்கும் மாற்று சோலுக்கான தொகையையும் சேர்த்தே ஒதுக்குகிறோம்.

ஜகாத் பெறத் தகுதியுள்ளவர்களுக்கு ஜகாத் நிதியிலிருந்து வாங்கி, அவர்களுக்கே உரிமையாக்கிக் கொடுப்போம். மற்றவர்கள் அடக்க விலை தரலாம், முடியாததை சதகா நிதி ஏற்கும். முதலில் மருத்துவரிடம் பாதப் பரிசோதனை நடக்கும். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் மெல்லிய நைலான் இழையால் உணர்ச்சி பார்ப்பார்கள், ரத்த ஓட்டமும் பார்ப்பார்கள். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ திண்டிவனம் அரசு மருத்துவமனையோ, எது வசதியோ அங்கே உடன் வர நம் இளைஞர்கள் தயாராக இருக்கிறார்கள். தாய்மார்களுடன் பெண் தொண்டர்களே வருவார்கள். புண் திறந்திருக்கும்போது செருப்பு மட்டும் தீர்வு ஆகாது, சிகிச்சைதான் முதலில்.

ஒரு தயக்கத்தையும் வெளிப்படையாகப் பேசிவிடுவோம். "அது தொழுநோய்க்காரர் செருப்பு, போட்டால் ஊர் என்ன சொல்லும்?" என்று மறுப்பவர்கள் உண்டு. தொழுநோய் கூட்டு மருந்தால் குணமாகும் நோய். அதற்காக ஒருவரை ஒதுக்குவதே முதலில் தவறு. அவர்கள் பட்ட வேதனையிலிருந்து கிடைத்த அறிவுதான் இன்று நம் அத்தா, அம்மாவின் காலைக் காக்கிறது. அதற்கு வெட்கப்பட என்ன இருக்கிறது? வாரின் நிறத்தையும் வடிவத்தையும் விருப்பப்படி மாற்றிக்கொள்ளலாம், சோலை மட்டும் மாற்ற வேண்டாம்.

வீட்டுக்குள் செருப்பா என்று தாய்மார்கள் கேட்பார்கள். உணர்ச்சியற்றவர் அதிகம் நடப்பதே வீட்டுக்குள்தான். வெளியே போடாத தனி ஜோடி ஒன்றை வீட்டுக்கென வைத்துக்கொண்டால் சுத்தமும் கெடாது.

பள்ளிவாசல் விஷயத்தில் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். அக்னி நட்சத்திர வெயிலில் லுஹர் நேரத்துச் சிமெண்ட் முற்றம் கொதிக்கும். செருப்பு வைக்கும் இடத்திலிருந்து ஹவுள் வரைக்கும், அங்கிருந்து உள்வாசல் வரைக்கும் நிழலும் விரிப்பும் போடுங்கள். ஒளு செய்தபின் விரலிடுக்கை ஈரம் போகத் துடையுங்கள். குளிர்காலத்தில் வெந்நீரின் சூட்டை முழங்கையால் பார்த்தபின் காலில் ஊற்றுங்கள். அத்தஹிய்யாத் இருப்பில் வெளிக் கணுக்கால் தரையில் அழுந்தும். அங்கே காய்ப்பு இருந்தால் கெட்டியான விரிப்பு போடுங்கள், மருத்துவர் சொன்னால் நாற்காலியில் தொழுங்கள். கட்டுப் போட்ட காலில் நீர் படக் கூடாதென்றால் மார்க்கத்தில் சலுகை இருக்கிறது. தத்தம் மத்ஹபின்படி இமாமிடம் கேட்டு நடந்துகொள்ளுங்கள்.

இளைஞர்களே, உங்களிடம் கேட்பது பெரிய காரியமல்ல. இஷா தொழுதுவிட்டு வீட்டுக்குப் போனதும் பெற்றோரின் உள்ளங்காலை விளக்கொளியில் பாருங்கள். குனிந்து பார்க்க அவர்களால் முடியாது. சிவப்பு, கொப்புளம், வெடிப்பு, காய்ப்பு எதுவானாலும் மறுநாளே மருத்துவரிடம் காட்டுங்கள். அவர்கள் செருப்புக்குள் கையை விட்டுக் கல்லோ முள்ளோ கிடக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள்.

பெயர் கொடுக்க விரும்புவோர் அலுவலகத்தில் கொடுக்கலாம். விவரம் வெளியே போகாது. நடந்து வந்து ஜமாஅத்தில் சேரும் ஒவ்வொரு காலையும் அல்லாஹ் காத்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.