மலிவு விலைக் கைபேசி: நிறையும் குறையும்

மண்பானை வாங்கச் செல்லும் பெண்மணி அதை விரலால் சுண்டிப் பார்க்காமல் காசு கொடுப்பதில்லை. கணீரென்று ஒலித்தால் நன்றாகச் சுட்ட பானை. ஓசை மங்கினால் எங்கோ கீறல் இருக்கிறது என்று பொருள். உழவு மாடு வாங்குவோர் பல்லைப் பிடித்துப் பார்ப்பர். துணி எடுப்போர் மடிப்பைப் பிரித்து இழையைப் பார்ப்பர். ஒவ்வொரு பண்டத்தின் தரத்தையும் அறிய நம் முன்னோர் ஓர் உபாயம் கண்டிருந்தனர். ஆனால் ஏழை, செல்வர் என்ற வேறுபாடின்றி இன்று அனைவரும் வாங்கும் ஒரு பண்டத்துக்கு அத்தகைய உபாயம் நம்மிடம் இல்லை. கைபேசியைத்தான் சொல்லுகிறேன். அதைச் சுண்டிப் பார்த்துப் பயனில்லை. புரட்டிப் பார்த்தால் பளபளப்பு மட்டுமே தெரியும். கடையில் கையில் வைத்திருக்கும் அரைமணி நேரத்தில் எல்லாக் கைபேசிகளும் நன்றாகவே இயங்கும்.

நேயர்களே! பத்தாயிரம் ரூபாய்க்கு உட்பட்ட கைபேசிகளின் நிறைகுறைகளைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். விலையுயர்ந்த கருவியைத் தவறாகத் தேர்ந்தவருக்கு மனவருத்தம் உண்டாகும். மலிவான கருவியைத் தவறாகத் தேர்ந்தவருக்கோ சேமிப்பே கரைந்துவிடும். மேலும், எளிய குடும்பத்தில் அந்த ஒரு கருவியே கணிப்பொறியும், வங்கியும், கடிதப் பெட்டியும் ஆகும். 2020 இல் பள்ளிகள் மூடப்பட்டபோது எத்தனையோ வீடுகளில் அதுவே வகுப்பறையாகவும் இருந்தது. 2016 இல் யூபிஐ முறை வந்தபின், காய்கறி விற்பவரின் கல்லாப்பெட்டியும் அதனுள் குடிபுகுந்தது. ஆகவே, இது வெறும் சொகுசுப் பொருளைப் பற்றிய விசாரணையன்று.

குறைந்த விலைக்கு ஒரு பொருளைச் செய்பவர் எங்கேனும் ஒன்றைக் குறைத்தே தீரவேண்டும். அதில் குற்றம் ஏதுமில்லை. கைபேசி மீதான வரி 2020 ஏப்ரலில் 12 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாக உயர்ந்தது. வரியும் விற்பனையாளர் பங்கும் போக எஞ்சிய தொகைக்குள் திரை, பாட்டரி, காமிரா, நினைவகம் யாவும் அடங்க வேண்டும். எனவே, குறைத்தார்களா என்று கேட்பது வீண் கேள்வி. எதைக் குறைத்தார்கள், அந்தக் குறை என்று வெளிப்படும் என்பதே கேட்கத்தக்க கேள்வி.

இதை விளக்க, நம் நாட்டில் விற்பனைக்கு வந்த இரண்டு கருவிகளை எடுத்துக்கொள்வோம். 2014 செப்டம்பர் 15 ஆம் நாள் தில்லியில் 'ஆண்டிராய்டு ஒன்' என்னும் திட்டம் தொடங்கப்பட்டது. அதை அறிமுகம் செய்தவர் கூகிள் நிறுவனத்தின் சுந்தர் பிச்சை. மைக்ரோமாக்ஸ், கார்பன், ஸ்பைஸ் ஆகிய மூன்று இந்திய நிறுவனங்கள் ஒரே இலக்கணப்படி கருவிகளைச் செய்தன. விலை 6,399 ரூபாயில் தொடங்கிற்று. நான்கரை அங்குலத் திரை, 5 மெகாபிக்சல் காமிரா, ஒரு ஜிகாபைட் ராம், நான்கு ஜிகாபைட் சேமிப்பிடம் என்பன அதன் அளவுகள். இரண்டு சிம் அட்டைகளுக்கு இடமும், எஃப்.எம். வானொலியும் இருந்தன.

அத்திட்டத்தின் தலையாய சிறப்பு, மென்பொருளைக் குறித்த காலத்தில் புதுப்பித்துத் தருவோம் என்ற வாக்குறுதியாகும். மலிவுக் கருவிகளை விற்றவர்கள் அதுவரை பெரும்பாலும் அளிக்காத வாக்குறுதி அது. அளித்தவாறே காப்பாற்றவும் பட்டது. ஆண்டிராய்டு 4.4 உடன் வந்த அக்கருவிகளுக்கு 2015 க்குள்ளாகவே 5 உம், 6 உம் வந்து சேர்ந்தன. ஆயினும் விதி வேறு வழியாக வந்தது. நான்கு ஜிகாபைட் சேமிப்பிடத்தில் ஒரு பெரும்பகுதியை இயங்குதளமே எடுத்துக்கொண்டது. படங்களை மெமரி கார்டுக்கு மாற்றலாம். செயலிகளையெல்லாம் அவ்வாறு மாற்ற இயலாது. செயலிகளோ மாதந்தோறும் பருத்தன. ஒன்றைப் போட வேண்டுமானால் மற்றொன்றை நீக்க வேண்டும் என்ற நிலை வந்தது. விருந்தினர் வந்தார், வீட்டில் பாய் விரிக்க இடமில்லை! காமிராவின் குறை வாங்கிய அன்றே தெரிந்தது. சேமிப்பிடத்தின் குறை நாள் செல்லச் செல்லவே தெரிந்தது.

இரண்டாவது, ரிலையன்ஸ் ஜியோவும் கூகிளும் சேர்ந்து உருவாக்கிய 'ஜியோபோன் நெக்ஸ்ட்'. 2021 ஜூனில் அறிவிக்கப்பட்ட இது, சில்லுத் தட்டுப்பாட்டால் தாமதமாகி அவ்வாண்டு தீபாவளிக்குக் கடைக்கு வந்தது. விலை 6,499 ரூபாய். இதில் ராம் 2 ஜிகாபைட், சேமிப்பிடம் 32 ஜிகாபைட், பாட்டரி 3,500 மில்லியாம்பியர் மணி. ஏழாண்டுகளில் அதே விலைக்குச் சேமிப்பிடம் எட்டு மடங்காகியது காண்க. திரையிலுள்ள எழுத்துக்களைத் தமிழ் உட்படப் பத்து இந்திய மொழிகளில் வாய்விட்டுப் படித்துக் காட்டும் வசதியும், மொழிபெயர்க்கும் வசதியும் இதில் அமைந்தன. எழுத்தறியாத முதியவருக்கும் பார்வை மங்கியவருக்கும் இது பெரும் உதவியாகும். பின்மூடியைக் கழற்றிப் பாட்டரியை நாமே மாற்றலாம் என்பதும் சிறு நன்மையன்று.

குறைகள் யாவை? இரண்டு ஜிகாபைட் ராம் கொண்டு ஒரே சமயத்தில் பல காரியங்களைச் செய்வது கடினம். வரைபடத்தைப் பார்த்துவிட்டு வந்தால் முன்பு திறந்திருந்த செயலி மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். இரண்டு சிம் அட்டைகள் போடலாமெனினும், இணையத்துக்கு ஜியோ அட்டையையே பயன்படுத்த வேண்டும். நீங்கள் வாழும் ஊரில் அந்நிறுவனத்தின் அலை நன்கு கிடைத்தால் இது குறையன்று. கிடைக்காவிடில் இதுவே எல்லாக் குறைகளிலும் பெரியது.

அதன் தவணை முறையையும் சற்றே கணக்கிட்டுப் பார்ப்போம். முதலில் 1,999 ரூபாய். நடைமுறைக் கட்டணம் 501 ரூபாய். பின்னர் மாதம் 300 ரூபாய் வீதம் 24 மாதங்கள் என்பது ஒரு திட்டம். கூட்டினால் 9,700 ரூபாய் ஆகிறது. மாதந்தோறும் 5 ஜிகாபைட் இணையமும் 100 நிமிடப் பேச்சும் அதில் அடங்கியிருந்தமையால், அதிகமான சுமார் 3,200 ரூபாய் முழுவதையும் வட்டி என்று சொல்வது நியாயமாகாது. ஆனால், 1,999 என்ற எண்ணை மட்டும் பார்த்து மகிழ்வதும் விவேகமாகாது.

இவ்விரண்டு உதாரணங்களிலிருந்தும் ஓர் உண்மை புலனாகிறது. மலிவுக் கைபேசியின் குறைகள் இருவகைப்படும். ஒன்று, முதல் நாளே கண்ணுக்குத் தெரிபவை: மங்கலான காமிரா, ஞெகிழி உடல், கூர்மை குறைந்த திரை. மற்றொன்று, மறைந்திருந்து பின்னர்த் தலைகாட்டுபவை: சேமிப்பிடம் நிரம்புதல், பாட்டரி தளர்தல், பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோதல். முதல் வகையை அறிந்தே ஏற்கிறோம், அதனால் ஏமாற்றமில்லை. இரண்டாம் வகையே நம்மை ஏமாற்றுகிறது.

அவற்றுள் மிகவும் கவனிக்க வேண்டியது பாதுகாப்புத் திருத்தம். இயங்குதளத்தில் அவ்வப்போது ஓட்டைகள் கண்டுபிடிக்கப்படுகின்றன. கூகிள் மாதந்தோறும் அவற்றைப் பற்றிய அறிக்கையை வெளியிட்டு, அடைப்பதற்கான திருத்தத்தையும் தருகிறது. அத்திருத்தத்தைத் தம் கருவிகளுக்கு ஏற்றவாறு அமைத்து அனுப்ப வேண்டியவர் கைபேசியைச் செய்தவர். அவர் இரண்டு ஆண்டுகளில் அவ்வேலையை நிறுத்திவிட்டால் என்ன ஆகும்? கருவி வழக்கம்போல் ஒளிரும், பாடும், பேசும். ஆனால் திருடர்களுக்குத் தெரிந்துவிட்ட ஓட்டை அதில் அடைபடாமலே இருக்கும். பாட்டுக் கேட்க மட்டும் பயன்படும் கருவியானால் பாதகமில்லை. குடும்பத்தின் வங்கிக் கணக்கே அதில் இருக்கும்போது, பூட்டில்லாக் கதவுக்குப் பின்னால் பணப்பெட்டியை வைத்தது போலாகும்.

இனி, குறையை மறைக்கும் அலங்காரங்களையும் அறிந்துகொள்ள வேண்டும். "50 மெகாபிக்சல்" என்று பெட்டியின் மீது பெரிதாக எழுதியிருப்பர். பெரும்பாலும் அத்தகைய காமிரா நான்கு புள்ளிகளை ஒன்றாக்கிப் பன்னிரண்டரை மெகாபிக்சல் படத்தையே தருகிறது. படத்தின் தரம் ஒளியை வாங்கும் சில்லின் அளவையும் வில்லையையும் பொறுத்தது. எண்ணிக்கையை மட்டும் பொறுத்ததன்று. அதேபோல், "4 கூட்டல் 4, ராம் எட்டு" என்பர். பின்னால் வரும் நான்கு, மெதுவாக இயங்கும் சேமிப்பிடத்திலிருந்து கடன் வாங்கியது. கடன் வாங்கிய பொருள் கைப்பொருளாகாது.

விளம்பரமும் ஒருவகை விலையே. 2018 ஏப்ரலில் ஷியாவ்மி நிறுவனத் தலைவர் லெய் ஜுன், கருவிகளின் விற்பனையில் நிகர லாபம் 5 விழுக்காட்டைத் தாண்டாது என்று அறிவித்தார். அப்படியானால் எஞ்சிய வருவாய் எங்கிருந்து வரும்? கைபேசிக்குள் இயங்கும் சேவைகளிலிருந்தும் விளம்பரங்களிலிருந்தும் வரும். மலிவுக் கருவிகள் பலவற்றில், நாம் கேட்காத செயலிகள் முன்னரே அமர்ந்திருப்பதன் காரணம் இதுவே. அவற்றுள் நீக்கத்தக்கவற்றை முதல் நாளே நீக்கிவிடுதல் நலம், சேமிப்பிடமும் மிஞ்சும்.

இவ்வளவும் கூறியதால், மலிவுக் கைபேசி தாழ்ந்தது என்று நேயர்கள் எண்ணிவிடக்கூடாது. உயர்விலைக் கருவிகள் கைவிட்ட சில நற்பண்புகள் இதில் இன்னும் தங்கியிருக்கின்றன. காதொலிக் கம்பியைச் செருகும் துளை, மெமரி கார்டுக்குரிய இடம், எஃப்.எம். வானொலி ஆகியவற்றை மலிவுக் கருவிகள் பலவற்றில் காணலாம். வானொலியில் பேசுகிறவன் வானொலியைப் புகழ்வது இயல்புதானே என்று சிலர் நகைக்கக்கூடும். ஆனால், 2019 மே 3 ஆம் நாள் ஃபானி புயல் ஒடிசாவின் பூரிக் கரையைத் தாக்கியபோது தொலைபேசித் தொடர்புகள் பெரிதும் அறுபட்டதை நினைவுகூர வேண்டும். அத்தகைய வேளையில் எஃப்.எம். பகுதி இணையத்தையோ செல்பேசிக் கோபுரத்தையோ நம்பியிராது. காதொலிக் கம்பியையே வானலை வாங்கியாகக் கொண்டு செய்தியைத் தரும். கைபேசிகளில் இவ்வசதியை முடக்காமல் வைத்திருக்குமாறு 2023 இல் மைய அரசும் உற்பத்தியாளர்களுக்கு அறிவுறுத்தியது.

கருவியின் ஆயுளைப் பற்றிக் கேட்க விற்பனைக் கடையைவிடப் பழுது பார்க்கும் கடையே ஏற்ற இடம். தில்லியில் கரோல் பாக் பகுதியிலுள்ள கஃபார் சந்தை இதற்குப் பெயர் பெற்றது. உங்கள் ஊரிலும் அப்படி ஒரு தெரு இருக்கும். வாங்க எண்ணும் கருவிக்குத் திரையும் பாட்டரியும் கிடைக்குமா, என்ன விலையாகும் என்று அங்கே விசாரியுங்கள். லித்தியம் பாட்டரி சாதாரணமாகச் சுமார் 500 முறை முழுமையாக மின்னேற்றியபின் தன் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கை இழக்கும். ஆகவே, பாட்டரி மாற்றும் நாள் வந்தே தீரும். அந்நாளில் பொருள் கிடைக்க வேண்டும்.

அடுத்து, விலையை மாதக் கணக்கில் வகுத்துப் பாருங்கள். ஆறாயிரம் ரூபாய்க் கருவி இரண்டாண்டு உழைத்தால் மாதத்துக்கு 250 ரூபாய் ஆகிறது. ஒன்பதாயிரம் ரூபாய்க் கருவி நான்காண்டு உழைத்தால் 187 ரூபாய் 50 காசுதான் ஆகிறது. இவற்றில் மலிவு எது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால், ஒன்பதாயிரம் கையில் இல்லாதவருக்கு இக்கணக்கால் ஆறுதல் கிடையாது என்பதையும் நான் மறக்கவில்லை. அத்தகையவர் காமிராவையும் அழகையும் விட்டுக்கொடுத்து, சேமிப்பிடத்தையும் பாதுகாப்புத் திருத்தம் எவ்வளவு காலம் வரும் என்பதையும் விட்டுக்கொடாமல் தேர்ந்தெடுப்பாராக.

வாங்குபவரின் விழிப்பு மட்டும் போதாது; சட்டமும் துணைநிற்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் நடைமுறைக்கு வந்த விதியின்படி, ஒரு மாதிரிக் கைபேசியின் விற்பனை முடிந்த பின்னரும் குறைந்தது ஐந்தாண்டுகளுக்கு மென்பொருள் திருத்தங்கள் கிடைக்க வேண்டும். மலிவுக் கருவிக்கும் உயர்விலைக் கருவிக்கும் அவ்விதி ஒன்றே. நம் நாட்டில், பழுது பார்க்கும் எளிமையை மதிப்பெண்ணாகக் காட்டும் குறியீட்டைப் பற்றி ஆராய அமைத்த குழு 2025 மே மாதம் தன் அறிக்கையை அளித்தது. பெட்டியின் மீது காமிராவின் எண்ணைப் பெரிதாக அச்சிடுவோர், "இந்தத் தேதிவரை இது பாதுகாப்பானது" என்றும் அதே அளவில் அச்சிடும் நாள் வரவேண்டும். அதுவரையில், கடைக்காரரிடம் அக்கேள்வியை நாமே கேட்க வேண்டும். அவர் தரும் விடையே, பானையைச் சுண்டினால் எழும் ஓசைக்கு ஒப்பானது.