கறுவாத் தோட்டத்தின் திறந்த கதவுகள்



கொழும்பு ஏழு என்றதும் உயர்ந்த மதில்களும் தூதரகங்களும் நிழல் விரிந்த வீதிகளும் நினைவுக்கு வரும். அதன் பழைய பெயர் கறுவாத் தோட்டம். அங்கே வேரூன்றிய ஓர் அருமையான வழக்கத்தைப் பற்றி இன்று பேசுகிறேன். தம்மிடம் உள்ளதைப் பூட்டிவைக்காமல் ஊருக்குத் திறந்துவிடும் வழக்கம் அது.

இந்த மண்ணின் தொடக்கமோ நேர்மாறானது. காட்டில் தானாய் வளர்ந்த கறுவாவை உரித்து வந்த ஒல்லாந்தர், 1769 இல் ஆளுநர் ஃபால்க் காலத்தில் அதைக் கொழும்பில் பயிரிடத் தொடங்கினார்கள். அனுமதியின்றிக் கறுவாவை வெட்டினாலோ விற்றாலோ மரண தண்டனை கூடக் கிடைக்கும். அப்படிக் காவல் காத்த தோட்டம் அது. பின்னர் ஆங்கிலேயர் காலத்தில், 1833 இல் அரசின் கறுவா ஏகபோகம் முடிந்தது. கறுவா நின்ற இடத்தில் மாளிகைகள் எழுந்தன.

மாளிகைகளுக்கு நடுவே, 1877 ஜனவரி முதலாம் திகதி, தேசிய நூதனசாலை திறக்கப்பட்டது. அந்த வெள்ளைக் கட்டடத்துக்குள் ஒரு கல் இருக்கிறது. அதன் தலைப்பில் இரண்டு டிராகன்கள் எதிரெதிரே நிற்கின்றன. கீழே சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகள். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹேயின் 1409 ஆம் ஆண்டுக் கல்வெட்டு அது. சீனப் பகுதி புத்தரை வணங்குகிறது. தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனார் என்னும் தெய்வத்துக்கு அளித்த காணிக்கைகளைச் சொல்கிறது. 1911 இல் காலியில் கண்டெடுத்தபோது, இந்தக் கல் ஒரு மதகின் மூடியாகக் கிடந்தது! வண்டிகள் ஏறிப்போன வரலாற்றை இன்று நாம் நேருக்கு நேர் நின்று பார்க்கிறோம்.

அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால் லயனல் வென்ட் கலையரங்கம். வென்ட் சட்டம் படித்தவர். பியானோ வாசிப்பிலும் ஒளிப்படக் கலையிலும் தேர்ந்தவர். ஜோர்ஜ் கீற் முதலிய ஓவியர்கள் சேர்ந்த '43 குழு, 1943 இல் அவர் வீட்டில்தான் உருவானது. அடுத்த ஆண்டே அவர் மறைந்தார். அவர் வாழ்ந்த மனையில் 1953 இல் நண்பர்கள் எழுப்பிய அரங்கில், பல மொழி நாடகங்கள் மேடையேறிவருகின்றன. அதே குழுவின் ஹரி பீரிஸும் பார்ன்ஸ் பிளேசிலுள்ள தம் இல்லத்தை, நண்பர்களின் ஓவியங்களோடு மக்களுக்கே விட்டுச்சென்றார். அதுதான் இன்றைய சப்புமல் நிலையம். கூடத்துச் சுவரில் தொங்கும் ஓவியங்களைப் பார்த்தபடி நடக்கையில், உறவினர் வீட்டுக்கு வந்ததுபோல் இருக்கும்.

செல்வம் எத்தனையோ ஊர்களில் மதில் கட்டியிருக்கிறது. கறுவாத் தோட்டத்தை நான் மதிப்பது, அங்கே சிலர் படலையைத் திறந்துவைத்துப் போனதால்தான். அடுத்த முறை கொழும்பு செல்லும்போது பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். நூதனசாலையிலுள்ள அந்தக் கல்லின் முன் நிறுத்தி, அறுநூறு ஆண்டு கடந்த தமிழ் எழுத்துகளில் நாலைந்தையாவது தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.